வெளியூரு போயிருக்காக

கிரெடிட் கார்டு வேண்டும் என்று நான் யாரையும் தேடிப் போகவில்லை. அதுவே வீடு தேடி வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் கடன் கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் 2008 தொடக்கத்தில் இராமநாதபுரத்து வாத்தியார்களுக்குக் கடன் கொடுக்கவென்றே மதுரையிலிருந்து டை கட்டிய ஆட்கள் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர், டையைத் தளர்த்திக்கொண்டு, மூன்று வழவழப்பான தாள்களை என் முன்னால் பரப்பினார்.

நான் இயற்பியல் வாத்தியார். எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன். நான் கத்திரிக்காய் வாங்கப் போனால் செடியே காய்த்து முடித்துவிடும் என்று என் மனைவி கேலி செய்வாள். முதல் கார்டில் பெட்ரோல் போட்டால் புள்ளிகள் சேரும். என் பழைய ஸ்கூட்டர் குடிக்கிற பெட்ரோலுக்குச் சேரும் புள்ளியில் ஒரு பேனா கூடக் கிடைக்காது. இரண்டாவதில் மதுரையில் இருக்கும் பெரிய கடைகளில் தள்ளுபடி. தள்ளுபடியைப் பஸ்காரருக்குக் கொடுத்துவிட்டு வர நான் தயாராக இல்லை. மூன்றாவது தாளில் நீலத் தண்ணீருக்குள் ஒருவர் முதுகில் சிலிண்டரோடு மிதந்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கார்டை வாங்கினால் தம்பதியருக்கு ஒரு ஸ்கூபா விடுமுறை இலவசம். நீச்சல்கூடத் தெரிய வேண்டாம், புதியவர்களுக்கானதுதான். இடம் வேறெங்கும் இல்லை, இராமேஸ்வரம் தீவு.

என் மனைவி கும்பகோணத்துக்காரி. காவிரியில் குதித்து வளர்ந்தவள். அந்தத் தாளைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

"கல்யாணமாகி வந்ததிலேருந்து பார்க்கிறேன். பக்கத்துலயே கடல். இந்த வீட்டுல ஒருத்தர் அதுல தலை நனைச்சு நான் பார்த்ததில்லை" என்றாள்.

வந்தவர் என் பெயரையும் சம்பளத்தையும் குறித்துக்கொண்டு, "வீட்டுல வேற யாரு சார்? அப்பா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவுக வெளியூரு போயிருக்காக."

"அப்ப நல்லதாப் போச்சும்மா, வெளியூர்ல செலவுக்கு ஆகும். அப்பா பேருல ஒரு துணைக் கார்டு இலவசமாத் தாறோம். எப்ப வர்றாங்க? வந்ததும் ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அவுக பேரு போட்டே வருமா?"

"எழுத்துப் பொறிச்சே வரும்மா. தடவிப் பார்த்தாத் தெரியும்."

"வந்ததும் சொல்றேன் தம்பி" என்று சொல்லி அவருக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். என் அப்பா, நான் அய்யா என்று கூப்பிடுகிறவர், எப்போது வருவார் என்று அம்மாவிடம் யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் மோரைக் குடித்து முடிக்கும்வரை அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

அய்யா வெளியூர் போய் அப்போது இருபத்தைந்து வருஷம்.

எங்களுக்குச் சொந்த ஊர் உச்சிப்புளிக்குத் தெற்கே ஒரு சிறு கிராமம். மழை பெய்தால் நெல், இல்லாவிட்டால் மிளகாய், அதுவும் இல்லாவிட்டால் கொழும்பு. நான் பிறந்த 1974இல் அய்யா முதல்முறையாகக் கப்பலேறினார். கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் வேலை. வருஷத்துக்கு ஒருதடவை வருவார். அம்மாவும் நானும் ரயிலேறி இராமேஸ்வரம் போய்க் காத்திருப்போம். தலைமன்னார்க் கப்பலிலிருந்து இறங்கும்போது அவர் முகம் வெளிறிப்போயிருக்கும். அவருக்குக் கடல் ஆகாது. வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன் என்பார். எனக்குக் கைலித் துணியில் சட்டை தைத்துக் கொண்டுவருவார், அது எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். அவர் மனதில் நான் எவ்வளவு வளர்ந்திருந்தேனோ அந்த அளவு.

1983இல் கொழும்பு பற்றி எரிகிறது என்று ரேடியோ சொன்னது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. மண்டபம் அகதி முகாமில் வந்து இறங்கியவர்களிடம் அம்மா அவர் போட்டோவைக் காட்டிக்கொண்டு நடந்தாள். நானும் கூடவே போனேன். ஒரு பெண், அந்தக் கடை எரிந்ததைப் பார்த்தேன் என்றாள். இன்னொருவர், அந்தத் தெரு ஆட்களையெல்லாம் முன்கூட்டியே லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்றார். எங்கே ஏற்றிப் போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் கப்பலும் நின்றுபோனது.

அப்போதுதான் அம்மா அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் ஆம்பிளை இருக்காகளா என்று தபால்காரர் கேட்டாலும், தீர்வை வசூலிக்க வந்தவர் கேட்டாலும், "அவுக வெளியூரு போயிருக்காக." உப்பு தீர்ந்துபோனால்கூட 'இல்லை' என்று சொல்லாமல், 'வாங்க வேண்டும்' என்று சொல்கிற வீடுகள் உண்டு. எங்கள் வீட்டில் அது ஆளுக்கும் சேர்த்து. அய்யாவைப் பற்றிய பேச்சில் 'இல்ல' என்ற சொல்லை நான் அம்மாவிடம் கேட்டதே கிடையாது. அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது அவளுக்குத் தெரியும்.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் சேதுக்கடல் என்பது விளையாடுகிற இடம் இல்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் செத்தவர்களுக்காகப் போய் முழுக்குப் போடுகிற இடம். தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளை அதில் தலையை முக்க மாட்டான். முக்கினால் தகப்பனுக்காக முக்கியதாக ஆகிவிடும். ஒருவரை இனி வேண்டாம் என்று விட்டுவிடுவதற்கும் நாம் தலைமுழுகுவது என்றுதானே சொல்கிறோம். மற்ற ஊர்களில் இப்படி ஒரு வழக்கம் கிடையாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் மனைவி வீட்டில் கல்யாணமான மறுவாரமே மாப்பிள்ளையை ஆற்றில் தள்ளிவிடுவார்களாம். எங்களுக்கு இதுதான் வழக்கம். எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், அவருடைய அய்யாவுக்காக அக்னி தீர்த்தத்தில் முங்கும்போது நான் முழங்கால் தண்ணீரில் நிற்பேன். அம்மா பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்திருப்பாள்.

கப்பல் நின்றுபோன பிறகு வந்த ஓர் ஆடி அமாவாசையில் அந்தப் பிடி நழுவியது. அலையே இல்லாத கடல் அது. கூட்டத்தில் யாரோ இடிக்க, பாசியில் கால் வழுக்கி, நான் முழுசாக உள்ளே போய்விட்டேன். மேலே வந்தபோது அய்யாவை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சத்தமாக அதைச் சொல்லியும் அழுதேன். அம்மா என்னைக் கரைக்கு இழுத்துப் போய் முந்தானையால் தலையைத் தோல் உரிகிற மாதிரி துடைத்தாள்.

"ஏலே, அழாத. நீ முங்கல. விழுந்த. தானா முங்குனாத்தான் முழுக்கு. விழுந்தது கணக்குல வராது" என்றாள். அதை எனக்குச் சொன்னாளா, வேறு யாருக்காவது சொன்னாளா என்று இன்றும் தெரியாது. கடலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

பன்னிரண்டு வருஷம் கழிந்தபோது மாமா வந்து, காணாமல் போனவருக்குத் தர்ப்பையில் ஓர் உருச் செய்து காரியம் பண்ணிவிடலாம், அதற்குச் சாஸ்திரம் இடம் கொடுக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா அவருக்குப் போட்ட சோற்றைப் பாதியில் எடுத்துவிட்டாள். "ஆளு வெளியூரு போயிருக்குற வீட்டுல வந்து உக்காந்து என்ன பேச்சுப் பேசுற நீ?" என்றாள். மாமா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் மட்டும் வேறு மாதிரி பேசினார்கள். அங்கன ஒரு குடும்பம் வச்சிருப்பாரு, அதான் வரல என்றார்கள்.

இதை நான் உடைத்தே சொல்லிவிடுகிறேன். எனக்கு அய்யாமேல் இருந்தது கோபம். அது அவர் போனதற்காக இல்லை. அவர் செத்துப்போயிருந்தால், எங்களிடம் வரத் துடித்துக்கொண்டிருந்த நல்ல மனிதர். உயிரோடு இருந்தால், பெண்டாட்டியையும் பிள்ளையையும் கைவிட்டுவிட்டு எங்கேயோ சோறு தின்றுகொண்டிருக்கிறவர். இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு மனிதர்மேல் அன்பு வைப்பது எப்படி? அம்மா யோசிக்கவே இல்லை. அவர் கெட்டவராக இருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் போதும் என்று முடிவு செய்துவிட்டாள். அந்த முடிவில் அவளோடு நானும் சேர்ந்து வாழ்ந்தேன். எனக்கு நல்லவர்தான் வேண்டியிருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது.

கார்டு வந்தது. கூடவே மே மாத விடுமுறைக்கான சீட்டும் வந்தது. மூன்றாவது கார்டைத்தான் எடுத்திருந்தேன். என் ஒப்பீட்டுப் புத்தியெல்லாம் மனைவியின் முகத்துக்கு முன்னால் எடுபடவில்லை. ஆனால் மே மாதம் நெருங்க நெருங்க அந்தச் சீட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒருநாள் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அய்யா காணாமல்போன கதை அவளுக்குத் தெரியும். தலை நனைக்காத கதை தெரியாது. கேட்டுவிட்டு, "நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம். பெட்ரோல் கார்டே வாங்கியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தச் சீட்டை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். ஒரு வார்த்தை குறைப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். மறுநாள் காலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அங்கன எப்புடி முங்குவாக?"

சொன்னேன். சிலிண்டரில் காற்றை அழுத்தி அடைத்திருப்பார்கள், ஒரு குழாய் வழியாக வாய்க்கு வரும், வாயாலேயே மூச்சு விடலாம்.

"தண்ணிக்குள்ளயேவா?"

"தண்ணிக்குள்ளயேதான். மூச்ச அடக்கவே கூடாதாம்மா. அடக்குனா நுரையீரலுக்கு ஆபத்து. அதுதான் அங்க முதல் பாடமே."

அம்மா கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு, "மூக்கப் புடிச்சு, மூச்ச அடக்கி முங்குனாத்தான் முழுக்கு. மூச்சு ஓடிக்கிட்டே இருந்தா அது முழுக்கே இல்ல. கரையில நிக்கிற மாதிரிதான். அந்தப் புள்ளையும் வந்த நாளா ஒண்ணும் கேட்டதில்ல. போயிட்டு வாங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "நானும் வாரேன்" என்றாள்.

என் மனைவிக்காகத்தான் வழக்கத்தில் அப்படி ஓர் ஓட்டையை அம்மா கண்டுபிடித்தாள். பெரிய வக்கீல்கூட அப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அக்காள்மடம் தாண்டி, வடகடல் பக்கம், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். மே மாதத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். பயிற்சி கொடுத்தது சென்னையிலிருந்து வந்த ஓர் இளம்பெண். வெயிலில் கறுத்து, முடியைக் கத்தரித்திருந்தார். என் பள்ளிக்கூடத்தில் நான் அழுத்தம் பற்றி நடத்துகிற பாடத்தை அவர் மணலில் குச்சியால் கோடு கிழித்து எனக்கே நடத்தினார். நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன். விரலை வளைத்து வட்டம் காட்டினால் 'நன்றாக இருக்கிறேன்'. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போக வேண்டும்'. கார்டுத் தாளில் சிரித்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்டியவர் பாவம், மேலே போகத்தான் கெஞ்சியிருக்கிறார்.

அம்மா சவுக்கு நிழலில் மணலில் உட்கார்ந்திருந்தாள். நான் சிலிண்டரைச் சுமந்துகொண்டு தள்ளாடிப் போகும்போது, "மூச்ச விட்டுக்கிட்டே இருக்கணும், தெரியுமா?" என்றாள். "அம்மா, எங்க கம்பெனில நீங்க வேலைக்குச் சேர்ந்துடலாம்" என்றார் பயிற்சியாளர். அம்மா சிரிக்கவில்லை.

தலை உள்ளே போனது. முப்பத்து நாலு வயதில், என் சொந்த விருப்பத்தில், முதல்முறையாக. பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. என் மூச்சு எனக்கே பெரிய சத்தமாகக் கேட்டது. கலங்கலான பச்சைத் தண்ணீர், அடியில் புல் மாதிரி கடல்செடி, அதற்குள் விரல் நீள மீன்கள். மனைவி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்து வட்டம் காட்டினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. நானும் வட்டம் காட்டினேன். உள்ளே இழுத்தேன், வெளியே விட்டேன். அம்மா சொன்னபடி கரையில் நிற்கிற மாதிரிதான் இருந்தது.

கடைசியில் ஒரு பயிற்சி. அடியில் மண்டியிட்டு, வாயிலிருக்கும் குழாயை எடுத்துவிட்டு, சிறு சிறு குமிழியாக மூச்சை விட்டுக்கொண்டே இருந்து, மறுபடி குழாயைத் தேடி வாயில் வைக்க வேண்டும். "இது கட்டாயம் இல்ல சார். முழுசாக் கத்துக்கிறவங்களுக்குத்தான். வேண்டாம்னா கையை ஆட்டுங்க, விட்டுடறேன்" என்று கரையிலேயே சொல்லியிருந்தார். மனைவி ஒரு நொடியில் செய்து முடித்தாள். அடுத்து என் முறை.

நான் கையை ஆட்டியிருக்கலாம். அதற்காகத்தான் கையைத் தூக்கினேன். எதிரே கலங்கலான தண்ணீர் கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. அய்யா கண்ணை மூடிக்கொண்டு கடந்து வந்த தண்ணீர் அதுதான். கடைசியாகக் கப்பலேறியபோது அவருக்கு என்ன வயதோ, அதை நான் எட்டியிருந்தேன். கடலைக் கண்டால் குமட்டுகிற மனிதர், எனக்கு ஒரு சட்டை கொண்டுவருவதற்காக வருஷா வருஷம் அதன்மேல் வந்து போனார். அப்படிப்பட்டவர் வர முடிந்திருந்தால் வந்திருப்பார். இது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இத்தனை வருஷம் அவரைக் கெட்டவராக வைத்திருந்தது போதும் என்று தோன்றியது.

தூக்கிய கையால் குழாயைப் பிடித்து வாயிலிருந்து எடுத்தேன்.

உப்பு உதட்டில் பட்டது. சத்தம் நின்றது. குமிழிகள் மேலே போயின. 'அய்யா' என்று மனதுக்குள் ஒரே ஒருமுறை சொன்னேன். வேறு மந்திரம் எனக்குத் தெரியாது. பிறகு குழாயைத் தேடி வாயில் வைத்துக்கொண்டேன். பயிற்சியாளர் வட்டம் காட்டிக் கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டேன். உடனே என் தோளைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டார்.

அம்மா தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது. கண்ணாடியைக் கழற்றிய என் முகத்தையே பார்த்தாள்.

"மூச்சு விட்டியா?"

"விட்டேன்" என்றேன். பொய் இல்லை. குமிழி குமிழியாக விட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"விட்டது சரி. உள்ள இழுத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்காகச் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூடப் பிறகு பல நாள் நினைத்தேன். அந்த நேரத்தில் வாய் வரவில்லை. மனைவி தூரத்தில் காலில் மாட்டிய ரப்பர் துடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா முந்தானையை எடுத்து என் தலையைத் துடைக்க ஆரம்பித்தாள். அன்றைக்குப் போல முரட்டுத்தனமாக இல்லை. நிதானமாக, காதுக்குப் பின்னால்கூட விடாமல் துடைத்தாள். நான் குனிந்து நின்றேன். நீ முங்கல, விழுந்த, கணக்குல வராது என்று இந்தமுறை அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி மீன்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். அம்மா கேட்டுக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. கார்டு விற்றவர் அதற்கு முன்பே இரண்டு மூன்று முறை போன் செய்து, அப்பா வந்துட்டாங்களா என்று அம்மாவிடம் விசாரித்திருந்தார். துணைக் கார்டுக்குத் தனியாக அவருக்கு ஏதோ கிடைக்கும்போல. "இன்னும் வரல தம்பி, வந்ததும் சொல்றேன்" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வாள். சில நாள் போன் மணி அடித்தால் அவராக இருக்குமோ என்று வேகமாக எழுந்து போவாள்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி அடித்தது. நான் பக்கத்தில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா எடுத்தாள். அவர் குரல் எனக்கே கேட்டது. அதே கேள்விதான்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அவர், "அம்மா? அம்மா?" என்றார்.

"அவுக இல்ல, தம்பி."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டதும் என் பேனா நின்றுவிட்டது. மறுமுனையில் அவருக்கு அது புரியவில்லை. எப்படிப் புரியும்? வெளியே போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "சரிம்மா, அப்ப எப்ப வருவாங்க?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். ரிசீவரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வர மாட்டாக" என்றாள்.

ரிசீவரை வைத்தாள். பிறகு அடுப்படிக்குப் போகிற வழியில், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "ஏலே, ஆடி அமாவாசை என்னைக்கு வருதுன்னு காலண்டரப் பாரு."